தன்னியக்க நரம்பு மண்டலமும் சர்ப்பகந்தா வேரும்

வங்காளப் புத்தாண்டு நாளன்று காளிகாட்டில் விடியுமுன்பே கூட்டம் திரண்டுவிடுகிறது. ஏப்ரல் மாத நடுவில் வரும் அந்நாளில், கொல்கத்தா நகரின் சிறு வணிகர்கள் சிவப்புத் துணியால் அட்டையிட்ட புதிய பேரேடுகளையும் பிள்ளையார், இலக்குமி உருவங்களையும் ஏந்தி, 1809ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட காளி கோயிலில் பூசை செய்வித்த பின்னரே கடையில் புதுக்கணக்குத் தொடங்குவர். கோயிலை நோக்கிச் செல்லும் சந்து குறுகியது. நிற்க இடமின்றி மக்கள் நெருக்குண்டு நிற்கின்றனர். வெயில் ஏறுகிறது. ஆதி கங்கை எனப்படும் கால்வாயின் மறுகரையிலுள்ள அலிப்பூர் வானிலை நிலையத்தில் 2024 ஏப்ரல் 30ஆம் நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியசை எட்டியது என்பதைக் கொண்டு அப்பகுதியின் கோடையை மதிப்பிடலாம்.

அவ்வரிசையில் மூன்று மணி நேரம் நிற்கும் அறுபது வயது வணிகர் ஒருவரின் உடலில் இதற்குள் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் நிகழ்ந்து முடிந்திருக்கும். அவர் படுக்கையிலிருந்து எழுந்து நின்ற கணத்திலேயே அரை லிட்டருக்கும் கூடுதலான இரத்தம் புவியீர்ப்பால் கால்களையும் அடிவயிற்றையும் நோக்கி இறங்கியது; மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்துவிடாதபடி கால்களின் இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கின. வெயில் ஏறியபோது தோலின் நுண்ணிய தமனிகள் விரிந்து, உள்ளுடல் வெப்பத்தை மேற்பரப்புக்குக் கொணர்ந்தன. இலட்சக்கணக்கான வியர்வைச் சுரப்பிகள் திறந்தன. நெரிசலில் யாரோ தள்ளியபோது இதயம் விரைந்தது, கண்ணின் பாவை விரிந்தது, குடலின் அசைவு தணிந்தது. இவற்றுள் ஒன்றையேனும் அவர் எண்ணிச் செய்யவில்லை. பேரேட்டின் முதற் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது.

இவ்வேலைகள் அனைத்தையும் நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம் ஆகும். 1898ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் ஜான் லாங்லி இதற்குரிய ஆங்கிலப் பெயரை வகுத்தார். இம்மண்டலத்தைப் பற்றிய அறிவு வளர்ந்த கதையில் கொல்கத்தாவுக்கும் ஓர் இடம் உண்டு. காளிகாட் மெட்ரோ நிலையத்தில் ஏறி வடக்கே சென்றால் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிச் சித்தரஞ்சன் அவென்யூவில் நிற்கிறது வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி. அங்கும் அந்நகரின் பிற மருத்துவர்களிடமும் 1930களின் தொடக்கத்தில் ஆராயப்பட்ட ஒரு வேர், தன்னியக்க நரம்புகள் தளர்ந்தால் உறுப்புகள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைப் பின்னாளில் உலகுக்குக் காட்டியது. அதனை அறிவதற்கு முன், இம்மண்டலத்தின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

இரு கடிவாளங்கள்

தன்னியக்க நரம்பு மண்டலம் இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது. ஒன்று பரிவு நரம்புப் பிரிவு. மற்றொன்று எதிர்ப்பரிவு நரம்புப் பிரிவு. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் புறப்பட்டு, முதுகெலும்பின் இருமருங்கிலும் மணிமாலைபோல் அமைந்த நரம்பு முடிச்சுகளை அடைந்து, அங்கிருந்து உடலெங்கும் பரவுகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகளோ மூளைத் தண்டிலிருந்தும் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்தும் கிளைக்கின்றன. இவற்றுள் தலையாயது வேகஸ் நரம்பு. மூளையின் அடியில் தோன்றிக் கழுத்தின் வழியே இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடலின் பெரும்பகுதி ஆகியவற்றைத் தொட்டுச் செல்லும் இந்நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கட்டளைகளைக் கொண்டு செல்வனவல்ல. உறுப்புகளின் நிலையை மூளைக்குத் தெரிவிப்பனவே. ஆளுவதைக் காட்டிலும் கேட்டறிவதற்கே கூடுதலான இழைகள் ஒதுக்கப்பட்டிருப்பது, நிருவாகத்தில் இருப்போர் கவனிக்கத் தக்கது.

நெருக்கடியில் பரிவுப் பிரிவும், ஓய்வில் எதிர்ப்பரிவுப் பிரிவும் வேலை செய்யும் என்று பாடநூல்கள் சுருக்கிக் கூறுவதுண்டு. இது பாதி உண்மையே. இரண்டும் எந்நேரமும் வேலை செய்துகொண்டேயிருக்கின்றன. மாறுவது அவற்றின் விகிதம். இதயத்தை எடுத்துக் கொள்வோம். நரம்புத் தொடர்பு அனைத்தையும் துண்டித்துவிட்டால் இளைஞர் ஒருவரின் இதயம் தன் இயல்பிலேயே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70 ஆக இருப்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு இடைவிடாது அதனை இழுத்துப் பிடித்திருப்பதுதான். படியேறும்போது துடிப்பு மிகுவதில் முதற் பங்கு இப்பிடி தளர்வதற்கு உரியது. பரிவு நரம்பின் தூண்டல் அதன் பின்னரே வலுப்பெறுகிறது. ஒரே குதிரைக்கு இரு கடிவாளங்கள் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

எல்லா உறுப்புகளுக்கும் இந்த இரட்டை ஏற்பாடு இல்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். உடலின் மிகப் பெரும்பாலான இரத்தக் குழாய்களுக்கும் வியர்வைச் சுரப்பிகளுக்கும் பரிவு நரம்புகள் மட்டுமே உண்டு. இரத்தக் குழாயை விரிக்க வேண்டுமானால் பரிவு நரம்பின் இழுப்பைக் குறைத்தாலே போதும். இதனால் இரத்த அழுத்தம் என்னும் பொருளில் பரிவு நரம்புகளின் ஆட்சியே மேலோங்கி நிற்கிறது. பின்னர் வரும் வேரின் கதைக்கு இதுவே திறவுகோல்.

காளிகாட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். கோயில் நெரிசலிலிருந்து மீண்ட ஒருவர் அங்குள்ள தென்னிந்திய உணவகமொன்றில் இலை முன் அமர்கிறார் எனக் கொள்வோம். சாம்பாரின் மணம் மூக்கில் ஏறியதுமே எதிர்ப்பரிவு நரம்புகள் உமிழ்நீரைச் சுரக்கச் செய்கின்றன. முதற் கவளம் இறங்கும் முன்பே வேகஸ் நரம்பு இரைப்பையில் அமிலத்தை ஊறச் செய்கிறது. உணவு சென்றதும் குடலுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. அந்நேரத்தில் பிற இடங்களின் குழாய்கள் போதிய அளவு சுருங்காவிடில் முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து, உண்டு எழுந்தவுடன் தலை சுற்றும். உண்ட மயக்கம் என்று ஊரார் கூறுவதில் ஒரு பகுதி இதுவாகும்.

இரத்த அழுத்தத்தை நொடிதோறும் அளக்கும் கருவிகள் உடலுக்குள்ளேயே உள்ளன. கழுத்துத் தமனி கிளைக்கும் இடத்திலும், இதயத்திலிருந்து வெளிவரும் பெருந்தமனியின் வளைவிலும் அமைந்த அழுத்த உணர்விகள், குழாய்ச் சுவரின் விரிவை உணர்ந்து முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அழுத்தம் தாழ்ந்தால் முகுளம் வேகஸ் நரம்பைத் தளர்த்திப் பரிவு நரம்புகளை முடுக்குகிறது; உயர்ந்தால் மாறாகச் செய்கிறது. ஓரிரு இதயத் துடிப்புகளுக்குள் இது நடந்து முடிகிறது. முகுளத்துக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி வெப்பம், பசி, தாகம், அச்சம் ஆகியவற்றைக் கருதி இவ்வமைப்பின் இலக்குகளை மாற்றியமைக்கிறது.

தன்னியக்கம் என்பதனால் இவை முற்றிலும் மனத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவையா என்ற வினா எழும். யோகப் பயிற்சியால் இதயத்தையே நிறுத்திவிட முடியும் எனக் கூறிய சிலரைப் புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பி. கே. ஆனந்த் முதலிய உடலியலாளர்கள் ஆராய்ந்து 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்பை இறுக்கியபோது நாடி கைக்குப் புலப்படவில்லை. இதய ஒலியும் கேட்கவில்லை. ஆயினும் மின்வரைபடத்தில் இதயம் துடித்துக்கொண்டேயிருந்தது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்ததே காரணம். மூச்சின் வழியாக இம்மண்டலத்தைச் சாய்க்கலாம், நிறுத்த இயலாது என்பதே இதிலிருந்து பெறப்படும் நிதானமான முடிவு.

தூது செல்லும் வேதிப்பொருள்கள்

நரம்பின் முனைக்கும் உறுப்புக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அதனைச் செய்தி எவ்வாறு கடக்கிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி தவளை இதயங்களைக் கொண்டு நிறுவினார். ஓர் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றோர் இதயத்தின் மீது செலுத்தியபோது, நரம்பு தூண்டப்படாத அந்த இரண்டாம் இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்து செய்தி அனுப்புகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அப்பொருள் அசெட்டைல்கோலின். லோவியும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். பரிவு நரம்புகளின் முனைகளில் பெரும்பாலும் சுரப்பது நார்அட்ரினலின் என்பதைச் சுவீடனின் உல்ஃப் ஃபான் ஆய்லர் 1946இல் காட்டினார். வியர்வைச் சுரப்பிக்குச் செல்லும் பரிவு நரம்புகள் மட்டும் விதிவிலக்காக அசெட்டைல்கோலினையே சுரக்கின்றன.

செய்தி வேதிப்பொருளால் செல்கிறது என்றால், வேறொரு வேதிப்பொருளால் அதனை மறிக்கவும் மிகுவிக்கவும் இயலும். மருந்தும் நஞ்சும் இவ்விடத்தில்தான் நுழைகின்றன.

காளி கோயிலுக்கு அருகே நகுலேசுவர பைரவர் என்னும் சிவன் கோயில் உள்ளது. சிவ வழிபாட்டுக்குரிய ஊமத்தையின் விதைகளில் அட்ரோபின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. இவை அசெட்டைல்கோலினுக்குரிய இடங்களை அடைத்துக் கொள்கின்றன. விளைவு: வாய் உலர்கிறது, பாவை விரிந்து பார்வை மங்குகிறது, வியர்வை நின்று உடல் கொதிக்கிறது, இதயம் விரைகிறது, சிறுநீர் தடைப்படுகிறது, அறிவு கலங்குகிறது. வழிப்பயணிகளுக்கு ஊமத்தை கலந்த உணவை அளித்துக் கொள்ளையடித்தோரைப் பற்றிய வழக்குகளைக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் முதல்வராயிருந்த நார்மன் செவர்ஸ் தமது சட்ட மருத்துவ நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்நூலின் முதற் பதிப்பு 1856இல் வெளிவந்தது.

அதே அட்ரோபின் இன்று கிராமப்புற மருத்துவமனைகளில் உயிர் காக்கும் மருந்தாக விளங்குகிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள், அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. தெளித்த உழவரின் உடலிலோ, அதனை விழுங்கியவரின் உடலிலோ அசெட்டைல்கோலின் தேங்கி, பாவை ஊசிமுனைபோல் சிறுத்து, உமிழ்நீர், கண்ணீர், வியர்வை பெருகி, நுரையீரல் நீரால் நிறைந்து, இதயம் தளர்கிறது. ஊமத்தை நஞ்சின் நேர் எதிர்ப் படிமம் இது. ஆகவே அட்ரோபினைப் போதிய அளவில், நுரையீரல் தெளியும் வரை மீண்டும் மீண்டும் செலுத்துவது சிகிச்சையின் அடிப்படை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரோபின் இருப்பில் உள்ளதா என்பது சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடுகிறது.

பரிவுப் பிரிவு எல்லை கடந்தால் நிகழ்வதைச் செந்தேள் கடி காட்டும். மகாராஷ்டிர மாநிலத்தின் கொங்கண் பகுதியில் கிராமப்புற மருத்துவராகப் பணியாற்றிய ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கடிபட்டோரின் கை கால்கள் சில்லிட்டு, இரத்த அழுத்தம் ஏறி, இறுதியில் நுரையீரலில் நீர் கோத்து இறப்பதைக் கண்டு, இது பரிவு நரம்புகளின் கொந்தளிப்பே என உணர்ந்தார். 1980களில் நார்அட்ரினலினைத் தடுக்கும் பிராசோசின் என்னும் எளிய மாத்திரையை வழங்கிப் பல உயிர்களைக் காத்தார். பெரிய ஆய்வுக்கூடம் இன்றியே, படுக்கையருகில் இருந்து நோயாளியை ஊன்றி நோக்கியதால் கிடைத்த பலன் இது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கல்கத்தா வேர்

சர்ப்பகந்தா ஒரு சிறு செடி. தமிழில் சர்ப்பகந்தி என்றும் வழங்கும். இமயமலை அடிவாரம் முதல் மேற்குத் தொடர்ச்சி மலை வரை ஈரமான காடுகளின் நிழலில் வளர்வது. பீகாரிலும் வங்காளத்திலும் இதன் வேரைப் பித்துப் பிடித்தோர்க்கான மருந்தாக நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். பாம்புக் கடிக்கும் இதனைக் கூறுவதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

1931ஆம் ஆண்டில் கல்கத்தாவின் கவிராஜ் கணநாத் சென்னும் மருத்துவர் கார்த்திக் சந்திர போஸும் இவ்வேரைப் பற்றிய கட்டுரையொன்றை இந்திய மருத்துவ இதழில் வெளியிட்டனர். சென் ஆயுர்வேதத்திலும் மேனாட்டு மருத்துவத்திலும் பயின்றவர். போஸ் மேனாட்டு மருத்துவர். வேர்த்தூளை நாளுக்கு இருமுறை அளித்தால் கடும் மனக்கிளர்ச்சி தணிகிறது என்பதோடு, உயர்ந்த இரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று அவர்கள் எழுதினர். பின்னதே புதிய செய்தி. மரபு வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். அழுத்தத்தின் அளவை மில்லிமீட்டரில் கூற இயலாது. பழைய வேரும் புதிய அளவுமானியும் ஒரே மேசையில் சந்தித்ததால் விளைந்த கண்டுபிடிப்பு இது எனலாம்.

அதே ஆண்டில் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டனர். 1933இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் பேராசிரியர் ராம்நாத் சோப்ராவும் அவருடைய உடன் பணியாளர்களும் வேர்ச் சத்தின் செயலை விலங்குகளில் சோதித்து வெளியிட்டனர். சோப்ரா, கலப்பட மருந்துகள் மலிந்திருந்த நிலையை ஆராய 1930இல் அமைக்கப்பட்ட மருந்து விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்; 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்கு அக்குழுவின் அறிக்கையே வித்திட்டது. நாட்டு மருந்துகளைப் புறக்கணிப்பதும் கண்மூடி ஏற்பதும் ஒருசேரத் தவறு என்ற நிலையில் நின்று, அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் துணிந்தவர் அவர்.

இதன் பிறகு ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் உலகம் இவ்வேரைக் கவனிக்கவில்லை. இந்தியாவில் மட்டும் மருத்துவர்கள் இதனைப் பரவலாக எழுதித் தந்தனர். வெளிநாட்டார் இந்திய இதழ்களைப் படிக்கவில்லை என்பது காரணங்களுள் ஒன்று. அதனோடு, வேருக்கு வேர் மருந்துச் சத்தின் அளவு மாறுபட்டதால், தூளைத் தந்த மருத்துவர் எத்தனை மில்லிகிராம் தந்தார் என்பதை அவரே அறிய முடியாதிருந்தது. 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் அழுத்தத்தை முறையாக அளந்து, பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பின்னரே கவனம் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சீபா நிறுவனத்தில் வேரின் வலிமை மிக்க பொருள் ரெசர்ப்பின் எனப் பிரித்தெடுக்கப்பட்டது. வக்கீலுக்கு 1957இல் லாஸ்கர் விருது கிட்டியது. சென், போஸ் ஆகியோரின் பெயர்கள் மருந்தியல் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில் தங்கிவிட்டன.

ரெசர்ப்பின் செயற்படும் முறை பின்னர் விளங்கிற்று. பரிவு நரம்பின் முனையில் நார்அட்ரினலின் நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். பைகளை நிரப்பும் இறைப்பான் ஒன்று உண்டு. ரெசர்ப்பின் அவ்விறைப்பானைப் பற்றி முடக்கிவிடுகிறது. பைகள் நிரம்புவதில்லை, வெளியே தங்கும் நார்அட்ரினலினை நரம்பின் நொதி சிதைத்துவிடுகிறது. நாளடைவில் களஞ்சியம் வெறுமையாகிறது. கட்டளை வருகிறது, நிறைவேற்றச் சரக்கு இல்லை. மருந்தின் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆவதும், நிறுத்திய பின்னும் பல நாள் நீடிப்பதும் இதனால்தான். பைகள் புதிதாக உருவாகி வந்து சேர வேண்டும்.

இந்நிலையில் உடலுறுப்புகளில் தோன்றும் மாறுதல்களை மாணவர்கள் ஒவ்வொன்றாக நோக்குதல் நன்று. பரிவு நரம்பின் இழுப்பு இல்லாமையால் நுண்தமனிகள் தளர்ந்து இரத்த அழுத்தம் இறங்குகிறது. இது வேண்டிய பலன். ஆனால் மூக்கின் உட்சவ்விலுள்ள குழாய்களும் விரிவதால் சளி பிடித்ததுபோல் மூக்கடைப்பு ஏற்படுகிறது. வேகஸ் நரம்பின் பிடி எதிர்ப்பின்றி ஓங்குவதால் நாடி மெதுவாகிறது. இரைப்பையில் அமிலம் மிகுந்து புண் உள்ளோர்க்குக் கேடு விளைகிறது. குடல் விரைந்தசைந்து வயிறு கழிகிறது. பாவை சுருங்குகிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. வியர்வையோ குறைவதில்லை, அங்குத் தூது செல்வது அசெட்டைல்கோலின் என்பது நினைவிருக்கும். பக்க விளைவுகள் என மருந்துப் பெட்டியின் தாளில் அச்சாகும் பட்டியல், உண்மையில் ஒரு கடிவாளம் அறுந்தால் மற்றது எப்பக்கம் இழுக்கும் என்பதன் வரைபடமே ஆகும்.

மருந்து மூளைக்குள்ளும் புகுகிறது. அங்கு டோபமின், செரட்டோனின் முதலியவற்றின் களஞ்சியங்களையும் வெறுமையாக்குகிறது. மனநோயாளிகள் அமைதியுற்றது இதனால்தான். 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்ப்பின் தந்து அசைவற்றுப்போன முயல்களை எல்-டோபா என்னும் பொருளால் எழுந்து நடக்கச் செய்து, நடுக்குவாத நோயின் சிகிச்சைக்கு வழி திறந்தார். 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். மனநோய்க்கு நாளுக்குப் பல மில்லிகிராம் என மிகுதியான அளவில் வழங்கப்பட்ட 1950களில் சிலர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாயினர் என அறிக்கைகள் வந்தன. இரத்த அழுத்தத்துக்குக் கால் மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவே போதும் எனப் பின்னர் தெளிவாயிற்று. அவ்வளவில் மனச்சோர்வு விளையும் என்பதற்கான சான்று வலுவற்றது. ஆயினும் கெட்ட பெயர் மருந்தை விட்டு நீங்கவில்லை.

இம்மருந்தின் பெரும்பணி வேறொன்று. உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதால் உண்மையில் உயிர் காக்கப்படுகிறதா என்பதில் மருத்துவ உலகம் 1960கள் வரை ஐயுற்றிருந்தது. உயர்ந்த அழுத்தம் முதிர்ந்த குழாய்களுக்குத் தேவையான ஒன்றே எனக் கூறியோரும் உண்டு. 1967இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், மிக உயர்ந்த அழுத்தம் உடைய 143 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. பொய் மாத்திரை பெற்றோரிடம் பக்கவாதம், இதயத் தளர்ச்சி முதலியன மிகுந்திருக்க, மருந்து பெற்றோரிடம் அவை மிகச் சிலவாகவே காணப்பட்டன. அவர்களுக்கு அளிக்கப்பட்ட மூன்று மருந்துகளுள் ஒன்று ரெசர்ப்பின். உலகெங்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து தரும் நடைமுறைக்கு அடிக்கல்லான அச்சோதனையில் கல்கத்தாவில் அளக்கப்பட்ட வேரின் சாரம் இருந்தது.

இன்றைய நிலை

தற்போது ரெசர்ப்பின் அரிதாகவே வழங்கப்படுகிறது. 2017இல் நம் நாட்டின் ஐந்து மாநிலங்களில் 25 மாவட்டங்களில் தொடங்கப்பெற்ற இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியின் நெறிமுறையில் அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவை இடம் பெற்றுள்ளன. அம்லோடிபின் நரம்பைத் தொடுவதில்லை; குழாய்ச் சுவரின் தசையையே தளர்த்துகிறது. மூக்கடைப்பும் வயிற்றுப் போக்கும் இல்லாமல் அழுத்தம் மட்டும் இறங்க இது ஏற்ற வழி. மருந்துகள் மலிவாகக் கிடைத்தும், இந்தியாவில் ஏறத்தாழ 22 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு என்றும், அவர்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கே அது கட்டுப்பாட்டில் உள்ளது என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வலியற்ற நோய் என்பதால் மாத்திரை ஒரு மாதத்தில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு மாதமும் மருந்தை இருப்பில் வைப்பதும், வராத நோயாளியைத் தேடிச் செல்வதும் மருந்தியல் அல்ல, நிருவாகம்.

வேருக்கும் ஒரு விலை தர நேர்ந்தது. 1950களில் உலகின் தேவை திடீரெனப் பெருகியபோது காடுகளில் சர்ப்பகந்தா கட்டுப்பாடின்றித் தோண்டப்பட்டது. மருந்து வேரில் இருப்பதால் தோண்டியவுடன் செடி அழிகிறது. அழிவுறும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது இடம் பெற்றுள்ளது. பயிராக வளர்த்து எடுப்பதே இனி முறை. நாட்டு மருந்துக் கடைகளில் சர்ப்பகந்தாப் பொடியை வாங்கித் தாமே உண்போர், அளவு தெரியாத ரெசர்ப்பினையே உண்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும். மாத்திரையும் உண்டு பொடியும் உண்டால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கக் கூடும்.

மீண்டும் காளிகாட்டின் வரிசையைக் கருதினால், அங்கு மயங்கி விழுவோரில் இருவகையினர் இருப்பர். முதல் வகையினர் நலமுள்ள இளையோர். நெடுநேரம் அசையாது நின்று, வியர்த்து, நீரிழந்து, நெரிசலில் அஞ்சியபோது வேகஸ் நரம்பு திடீரென ஓங்கிப் பரிவு நரம்பு தளர்ந்து விழுகின்றனர். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிவர். அவர்களை நிறுத்தி வைத்துத் தாங்கிப் பிடிப்பது தவறு; மூளைக்கு இரத்தம் ஏறாது. கூட்ட நெரிசலில் இத்தவறே மிகுதியாக நிகழ்கிறது.

இரண்டாம் வகையினர் முதியோரும் நெடுநாள் நீரிழிவு உடையோரும் ஆவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 2023இல் வெளியான அதன் முடிவின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் எனக் கணித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரை ஆண்டுகள் செல்லச் செல்லத் தன்னியக்க நரம்புகளை அரிக்கிறது. அத்தகையோரின் இதயம் ஓய்விலும் விரைந்து துடிக்கும். படியேறினும் துடிப்பு அதிகம் மாறாது. இரைப்பை காலியாகத் தாமதமாகும். பாதம் வியர்க்காது, வெடிக்கும். மாரடைப்பே வந்தாலும் மார்பு வலி தோன்றாதிருக்கலாம். இவற்றுள் எளிதில் கண்டறியத் தக்கது, எழும்போது அழுத்தம் தாழ்வதாகும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நோயாளியை ஐந்து நிமிடம் படுக்க வைத்து இரத்த அழுத்தத்தை அளந்து, எழுந்து நிற்கச் செய்து மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, கீழ் அளவு 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்குமாயின் தன்னியக்க நரம்புகளின் தளர்ச்சி, நீரிழப்பு, மருந்தின் மிகுதி ஆகிய மூன்றில் ஒன்று இருக்கிறது எனக் கொண்டு மேலும் ஆராய்தல் வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவுகளில் உட்கார்ந்த நிலையில் ஒரு முறை மட்டுமே அளக்கப்படுகிறது. அவ்வாறு அளந்து, அழுத்தம் உயர்ந்திருப்பதாகக் கண்டு மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினால், அடுத்த நாள் விடியலில் அம்முதியவர் கட்டிலிலிருந்து எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொள்ள நேரலாம். இரண்டாம் அளவுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது எட்டு நிமிடம்.